நர்ஸிங் சீட்டுக்கு ஏழு லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: ராஜபாளையத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மனைவி தையல் வேலை செய்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டரை லட்சம் தேறும். அரசுப் பள்ளியில் படித்த எங்கள் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பி.எஸ்சி நர்ஸிங் படிக்க ஆசைப்படுகிறாள். கோவையில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1.7 லட்சம். "லோன் போடுங்க, படிச்சு முடிச்சதும் லண்டன் போய் ஒரே வருஷத்துல அடைச்சிடுவா" என்கிறார். கவுன்சிலிங்குக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். அதில் பக்கத்து ஊர் தனியார் கல்லூரி கிடைத்தால் பஸ் செலவு உட்பட வருஷம் 80,000 ஆகும். அரசு நர்ஸிங் பள்ளியில் டிப்ளமோ கிடைக்கவும் வாய்ப்பிருக்கிறது. எதில் சேர்ப்பது?

பதில்: லண்டனை முதலில் ஒதுக்கி வையுங்கள். மகள் கட்டப்போகும் முதல் தவணை லண்டன் சம்பளத்திலிருந்து போகாது. மதுரையிலோ கோவையிலோ ஒரு தனியார் ஆஸ்பத்திரி கொடுக்கும் முதல் சம்பளத்திலிருந்துதான் போகும். அது எவ்வளவு என்று ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார்.

என் அக்கா மகள் நர்ஸாகச் சேர்ந்த முதல் மாதம் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். மொத்தச் சம்பளம் 17,000. பி.எஃப் 1,440, இ.எஸ்.ஐ 128, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 3,000 பிடித்தம். கைக்கு வந்தது 12,432 ரூபாய். சின்ன ஆஸ்பத்திரிகளில் இதைவிடக் குறைவாகவும் பார்த்திருக்கிறேன். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தது 20,000 தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-லேயே பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது.

இப்போது மேனேஜ்மென்ட் சீட்டைக் கணக்குப் போடுவோம். நான்கு வருஷத்துக்கு 6.8 லட்சம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் நான்கு வருஷமும் அதற்கடுத்த ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும் நாளில் கடன் 9.18 லட்சமாக நிற்கும். பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 12,130 ரூபாய். அக்கா மகளின் சம்பளத்தில் கட்டினால் மிச்சம் 300 ரூபாய். பதினைந்து வருஷமாக நீட்டினால் தவணை 9,865-க்கு இறங்கும், ஆனால் கட்டி முடிக்கும்போது 17 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

கவுன்சிலிங் சீட்டில் மொத்தம் 3.2 லட்சம்தான். அதே வட்டியில் கடன் 4.32 லட்சமாக நிற்கும், பத்து வருஷத் தவணை சுமார் 5,700. இதுவும் லேசில்லை, ஆனால் கட்டலாம். இதை இன்னும் குறைக்கவும் வழியிருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முதல் வருஷம் வாங்கும் 80,000 கடனுக்கு மாத வட்டி 667 ரூபாய்தான். அந்த ஆயிரத்தை அப்படியே லோன் கணக்கில் போட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் வட்டி 1,333 ஆகும், கையிலிருந்து முன்னூற்றுச் சொச்சம் சேர்த்தால் போதும். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்குச் சில வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கும், கேட்டுப் பாருங்கள்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக்காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டமும் உண்டு. உங்கள் கல்லூரி அதற்குத் தகுதியானதா என்று வங்கியில் முதலிலேயே கேளுங்கள், தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். கிடைத்தால் 3.2 லட்சம் அப்படியே நிற்கும், தவணை 4,230 ரூபாய்க்கு வரும். மகள்தான் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சலுகைக்கான சான்றிதழும் கவுன்சிலிங்குக்கு முன்பே கையில் இருக்கட்டும்.

டிப்ளமோவை 'கம்மியான படிப்பு' என்று தள்ளிவிடாதீர்கள். அரசு நர்ஸிங் பள்ளியில் செலவு சொற்பம், மூன்றே வருஷம், அதனால் ஒரு வருஷம் முன்னதாகவே சம்பாதிக்கத் தொடங்கிவிடலாம். தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) நடத்தும் நர்ஸ் தேர்வை டிப்ளமோ முடித்தவர்களும் எழுதலாம். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கான நார்செட் தேர்வுக்கு இரண்டு வருஷ அனுபவம் இருந்தால் போதும். அங்கே அடிப்படைச் சம்பளம் மட்டுமே 44,900. பட்டம் வேண்டுமென்றால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இரண்டு வருஷம், பிறகு படித்துக்கொள்ளலாம். எம்.ஆர்.பி. வேலை கிடைத்தாலும் எடுத்ததும் முழுச் சம்பளம் வராது. தொகுப்பூதியமாக 18,000 வாங்கிக்கொண்டு நிரந்தரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கும் நர்ஸுகள் இருக்கிறார்கள்.

சரி, வெளிநாடு? போகலாம், போகிறார்கள். வளைகுடாவில் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியை பி2 நிலை வரை படிக்க வேண்டும். பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வு, அப்புறம் அவர்களுடைய கணினித் தேர்வு, அங்கே போய் ஒரு செய்முறைத் தேர்வு. அங்கே வெளிநாட்டு நர்ஸுகளை எடுப்பதும் 2024-க்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது. எல்லாம் கைகூடி மகள் விமானம் ஏறுவதற்குள் தவணை இங்கே எத்தனையோ மாதம் ஓடியிருக்கும். அந்தக் கட்டம் வரும்போது இன்னொரு ஏஜென்ட்டிடம் போகாமல் தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் நிறுவனத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நர்ஸுகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் வேலையை அவர்களே செய்கிறார்கள்.

ஆகவே என் வரிசை இதுதான்: அரசு பி.எஸ்சி கல்லூரி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால் அரசு டிப்ளமோ, அதற்கடுத்து பக்கத்து ஊர் கவுன்சிலிங் சீட். கடைசி இரண்டில் உங்கள் மகள் 'பட்டம்தான் வேண்டும்' என்று பிடிவாதமாக இருந்தால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை. மேனேஜ்மென்ட் சீட் இந்த வரிசையிலேயே இல்லை. அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் ஏஜென்ட் கேட்கும் தொகையை வங்கி கடனில் சேர்க்காது. அது நகையை வைத்தோ கந்துவட்டிக்கோதான் வரும். கல்விக் கடனில் நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதையும் மறக்காதீர்கள். தவணை தவறினால் நாளைக்கு லோடு ஆட்டோ மாற்ற லோன் கேட்கும்போது கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் ஸ்கோர் முன்னால் வந்து நிற்கும்.

7.5 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்டால் கொடுக்காதீர்கள், வழக்கமான கல்விக் கடனில் அந்தத் தொகைக்கு அடமானம் தேவையில்லை. தவணைக்காலத்தை பதினைந்து வருஷமாகவே போட்டுக்கொள்ளுங்கள். கையில் காசு வரும்போது முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது.

கவுன்சிலிங் முடிவு வர இழுத்துக்கொண்டே போகும். அந்த இடைவெளியில்தான் "சீட் போயிடும், அட்வான்ஸ் போடுங்க" என்று ஃபோன் வரும். போடாதீர்கள். மார்க் ஷீட், டி.சி. அசலை ஏற்கெனவே ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தால், கவுன்சிலிங்குக்கு அவை வேண்டும் என்று சொல்லி இந்த வாரமே போய் வாங்கி வந்துவிடுங்கள்.