மூணு வார தொட்டிக்கு அனிமோன் வேணாம் தம்பி

கேள்வி: அண்ணா வணக்கம், நான் தண்டையார்பேட்டை. ரெண்டரை அடி தொட்டில கடல் தண்ணி செட்டப் போட்டு மூணு வாரம் ஆகுது, ரெண்டு நீமோ மீன் (க்ளவுன் ஃபிஷ்) விட்டேன் நல்லா இருக்கு, போன ஞாயித்துக்கிழமை ஒரு பபிள் டிப் அனிமோன், அதான் அந்த பூ மாதிரி இருக்குற கடல் பிராணி, வாங்கினு வந்தேன். முதல் நாள் பூ மாதிரி விரிஞ்சிச்சு, இப்போ கண்ணாடி மேல நகந்துனே இருக்கு, சுருங்கிப்போய் வாய் தொறந்தே கெடக்கு. தண்ணி குறையுற அளவுக்கு உப்பு கலந்து ஊத்தினுதான் இருக்கேன். காசிமேட்டுலேர்ந்து கடல் தண்ணி கொண்டாந்து ஊத்தினா சரியாயிடும்னு மாமா சொல்றாரு. காப்பாத்த முடியுமா?

பதில்: தம்பி, முதல்ல மாமாவ நிறுத்துங்க. காசிமேடு ஹார்பர் தண்ணில போட் டீசல் மிதக்குது. 2017 ஜனவரில எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி கொட்டுன எண்ணெய நம்ம ஆளுங்க பக்கெட்ல அள்ளினாங்க, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மறுபடியும் எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவுச்சு. நம்ம கடல்தான், சொல்றதுக்கு மனசு வலிக்குது, ஆனா அனிமோனுக்கு செதிலும் கிடையாது ஓடும் கிடையாது, தண்ணில என்ன இருக்கோ அது நேரா சதைல படும்.

அடுத்தது உப்பு. தொட்டி தண்ணி குறையுதுன்னா ஆவியாகுதுன்னு அர்த்தம், ஆவியாகுறது வெறும் தண்ணி மட்டும்தான், உப்பு அப்படியே உள்ள நிக்கும். நீங்க அதுக்கு மேல தெனமும் உப்பு தண்ணி ஊத்தினா அளவு ஏறினே போகும், அனிமோன் சுருங்குறதுக்கு இதுவே போதும். உப்பு அளவ பாக்குற ரிஃப்ராக்டோமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, 1.025, 1.026ன்னு காட்டணும். அதிகமா காட்டினா பதறிப்போய் ஒரே நாள்ல இறக்காதீங்க, கொஞ்சம் தொட்டி தண்ணிய எடுத்துட்டு ஆர்ஓ தண்ணி ஊத்தி நாலஞ்சு நாள்ல மெதுவா கொண்டாங்க. இனிமே குறையுறதுக்கு ஆர்ஓ தண்ணி மட்டும்தான். மெட்ரோ வாட்டர்ல குளோரின் இருக்கு, நம்ம பக்கத்து போர் தண்ணிய பத்தி நான் சொல்லவே வேணாம், கேன் தண்ணிய கூட தண்ணில கரைஞ்சிருக்கறத அளக்குற டிடிஎஸ் மீட்டர் வச்சு பாத்துட்டு ஊத்துங்க, சைபருக்கு எவ்ளோ கிட்ட இருக்கோ அவ்ளோ நல்லது.

ஆனா மூல காரணம் தொட்டியோட வயசு. மீன் கழிவுல வர்ற அமோனியாவ ஒரு பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொண்ணு அத நைட்ரேட்டா மாத்தும், இந்த கூட்டம் கல்லுலயும் மணல்லயும் குடியேறவே நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும், அதுக்கப்புறமும் தண்ணி ஏறி இறங்காம ஒரே நெலைல நிக்க குறைஞ்சது ஆறு மாசம், ஒரு வருஷம்னா இன்னும் நல்லது. நீமோ இத தாங்கிடும், அனிமோன் தாங்காது. கடைல யாரும் உங்ககிட்ட தொட்டி எத்தன நாளாச்சுன்னு கேட்டிருக்க மாட்டாங்க, எனக்கு அதான் கோவம். நீமோவுக்கு தொட்டில அனிமோன் இருந்தே ஆகணும்னு எந்த கட்டாயமும் இல்ல.

அதனால இன்னிக்கே அமோனியா, நைட்ரைட் டெஸ்ட் பண்ணுங்க. சைபர் இல்லன்னா பத்து பதினஞ்சு சதவீதம் தண்ணி மாத்துங்க, புது தண்ணியோட உப்பும் சூடும் தொட்டி தண்ணி மாதிரியே இருக்கணும். வேவ்மேக்கர், அதான் தொட்டில அலை உண்டாக்குற மோட்டார், அது மேல ஸ்பாஞ்ச் மாட்டுங்க, இத தள்ளிப்போடாதீங்க, நகருற அனிமோன் நைட்ல போய் அதுல மாட்டிக்கும், என்னோட முதல் அனிமோன் அப்படித்தான் போச்சு, காலைல பாத்தா தண்ணி முழுக்க பால் மாதிரி கலங்கி ரெண்டு மீனும் செத்து மிதந்துச்சு, இன்னிக்கும் அது கண்ணுல நிக்குது. கண்ணாடிலேர்ந்து பிச்சு எடுக்காதீங்க, பாதம் கிழிஞ்சா பொழைக்கிறது கஷ்டம். வாய் மூடுற வரைக்கும் தீனி வேணாம். அப்பப்போ சுருங்கி கழிவ வெளிய தள்ளிட்டு மறுபடி விரியுறது சாதாரணம், ஆனா சதை உரிஞ்சு அழுகுன நாத்தம் வந்தா யோசிக்காம எடுத்துடுங்க.

கொளத்தூர் பக்கம் ஒரு வருஷத்துக்கு மேல ஓடுற கடல் தொட்டி வச்சிருக்கவங்க யாராவது தெரிஞ்சா, அனிமோன் உயிரோட இருக்கும்போதே அவங்ககிட்ட குடுத்துடுங்க. ஸ்காட்லாந்துல 1828ல கடற்கரைலேர்ந்து எடுத்த ஒரு அனிமோன், அது வேற வகை, ஒரு கண்ணாடி ஜாடில 1887 வரைக்கும் வாழ்ந்துச்சு. அவ்ளோ வருஷம் வாழக்கூடிய உயிரு தம்பி இது, மூணு வாரத்துல சாகவிடாதீங்க.

கேள்வி: என் அனிமோன் வெள்ளையா ஆகுது, டெய்லி எறா போடுறேன், ஏன்? (பெரம்பூர் வாசகி)

பதில்: அதோட சதைக்குள்ள நுண்ணிய பாசி வாழுது மா, அது வெளிச்சத்துல செய்யுற சாப்பாடுதான் அனிமோனுக்கு பெரும்பகுதி. சூடு ஏறினாலோ வெளிச்சம் பத்தலன்னாலோ பாசி போயிடும், வெள்ளையாயிடும். சாதா டியூப் லைட் போதாது, பவளத்துக்குன்னு விக்கிற எல்இடி வேணும், அதையும் ஒரேடியா முழு வெளிச்சத்துல போடாம கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. தண்ணி 25, 26 டிகிரில இருக்கட்டும், மே மாசம் நம்ம வீட்டு ஹால்ல 30 தாண்டிடும், தண்ணிய குளிர வைக்கிற சில்லர் மிஷின் இல்லன்னா மூடிய தொறந்து தண்ணி மேல காத்து படுற மாதிரி சின்ன ஃபேன் வைங்க, ரெண்டு மூணு டிகிரி குறையும், ஆர்ஓ தண்ணிதான் அதிகமா ஊத்த வேண்டி வரும். எறா வாரம் ஒரு தடவ இல்ல ரெண்டு தடவ, சுண்டுவிரல் நகம் அளவு, உப்பு மஞ்சள் எதுவும் படாதது. மீனுக்கு சீக்கு வந்தா காப்பர் மருந்த இந்த தொட்டில மட்டும் ஊத்திடாதீங்க.