வகுப்பில் ஸ்லைடு போட்டுப் பேசும் மாணவர்களுக்கு மார்க் எப்படிப் போடுவது?

ஒன்பதாம் வகுப்புக்கு செமினார் வைத்தால் அழகாக ஸ்லைடு செய்து வருபவர்களுக்கே மார்க் போய்விடுகிறது, பேச்சை எப்படி அளப்பது என்று தெரியவில்லை, பெற்றோர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் சோஷியல் எடுக்கிறேன். என் வழக்கத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யின் பெரிய பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 80, தொடர் மதிப்பீடு 20. அந்தத் தொடர் மதிப்பீட்டு (சி.இ.) கணக்கு கையில் பழகிவிட்டதால் செமினாரையும் 20-க்கே வைத்துக்கொள்கிறேன். அதில் ஸ்லைடுக்கு 3 மார்க்தான். பேச்சுக்கு 5, விஷயத்துக்கு 6, கேள்விக்குச் சொல்லும் பதிலுக்கு 6.

ஸ்லைடுக்கு 3 ரொம்பக் குறைச்சல் என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. குறைச்சலாகவே இருக்கட்டும். அதை யார் செய்தது என்று நமக்குத் தெரியாது. அக்கா செய்திருப்பாள், கடையில் காசு கொடுத்துச் செய்திருப்பார்கள், இப்போது சாட்ஜிபிடியிடம் தலைப்பைக் கொடுத்தால் பத்து ஸ்லைடுக்கான விஷயம் சுடச்சுட வந்துவிடுகிறது. 2018 வாக்கில் ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 8 முதல் 12 வரையுள்ள 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்த பிறகு, எங்களுக்குத் திரை ஒரு அதிசயமாகவும் இல்லை. அந்த 3 மார்க்கில் நான் பார்ப்பது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள். கடைசி பெஞ்சிலிருந்து எழுத்து தெரிகிறதா? படம் போட்டிருந்தால் அந்தப் படத்தைக் காட்டி ஏதாவது சொன்னானா, இல்லை சும்மா அலங்காரத்துக்கா? பேசப்போகிற பத்தி முழுவதையும் அப்படியே ஒட்டிவைத்திருக்கிறதா? இந்தக் கடைசி விஷயத்தில் நான் கறார். ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் மல்டிமீடியா வழிக் கற்றலைப் பற்றி நிறைய ஆய்வு செய்தவர். படத்தோடு பேச்சு மட்டும் இருந்தால் பதிகிற அளவுக்கு, அதே பேச்சு எழுத்தாகவும் திரையில் ஓடினால் பதிவதில்லை என்கிறார். பையன் ஒரு பக்கம் வாசிக்க, பிள்ளைகள் இன்னொரு பக்கம் தங்கள் வேகத்தில் வாசித்து முடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பதை நம் வகுப்பிலேயே காணலாமே.

தமிழ் ஸ்லைடு என்றால் இன்னொரு தொல்லை உண்டு, ஃபாண்ட். கடையில் பாமினி என்ற பழைய ஃபாண்டில் அடித்துக் கொண்டுவருவார்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டுகிற ஃபாண்ட். பள்ளி லேப்டாப்பில் லினக்ஸ், அதில் பாமினி கிடையாது. 'தமிழ்' என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி வந்து நிற்கும். பிள்ளையின் முகம் வாடிப்போகும். இதற்கு மார்க் குறைக்கவே கூடாது. முதல் நாளே பென் டிரைவை வாங்கிப் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், முடியாதென்றால் கடையிலேயே பி.டி.எஃப். ஆக்கித் தரச் சொல்லுங்கள்.

இனி கேள்விக்குச் சொல்லும் பதிலுக்கான 6 மார்க். பவர்பாயிண்ட் ஆனாலும் சரி, பள்ளி லேப்டாப்பில் இருக்கும் லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸ் ஆனாலும் சரி, ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் 'பி' எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும். இன்னொரு முறை தட்டினால் திரும்ப வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் பாதியில் ஒருமுறை நான் இதைச் செய்வேன். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியும், பதுங்கியிருந்து பாய்கிற வேலை இல்லை. திரை கறுத்ததும் ஒரு கேள்வி கேட்பேன். ஸ்லைடில் விடை இருக்கக் கூடாது, அவன் பேசிய விஷயத்தோடு ஒட்டியும் இருக்க வேண்டும்.

ஒரு பையன், தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினான். மூன்றே ஸ்லைடு, வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. 1970-இல் கையெழுத்தானது, 1958-லிருந்தே அமலுக்கு வந்ததாகக் கணக்கு, வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு தடுப்பணையில் தமிழ்நாடு கேரளத்துக்குத் தர வேண்டும் என்று தரையைப் பார்த்தபடி ஒப்பித்துக்கொண்டு போனான். திரையை அணைத்துவிட்டு, "வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டாங்கன்னு உங்க வீட்டுக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன். தலை நிமிர்ந்தது. "எங்களுது கடைமடை டீச்சர். தண்ணி விட்டாலும் எங்களுக்கு உடனே வராது. மேல இருக்கறவங்க அடைச்சு வச்சுருவாங்க. ராத்திரி அப்பா டார்ச் எடுத்துட்டு வாய்க்கால் மேலயே நடந்து போய்த் திறந்துட்டு வருவாரு. அவரு வீட்டுக்கு வர்றதுக்குள்ள திரும்ப அடைச்சிருப்பாங்க" என்றான். வகுப்பே சிரித்தது. விடாமல், "அப்போ 7.25 போதுமா, போதாதா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொத்தமா எவ்வளவு வருதுங்கறது ஒண்ணு, கடைசி வயலுக்கு எவ்வளவு வருதுங்கறது வேற" என்றான். ஆறுக்கு ஆறு. அந்த ஒரு வரிக்காகவே அந்தப் பாடத்தை நடத்துகிறோம்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று மக்கள் போராடிய பிளாச்சிமடை எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி, அதனால் அந்தத் தலைப்பை யாராவது எடுத்துவிடுவார்கள். 2004-இல் கோலா ஆலை நின்றது, அந்த ஊர்ப் பெண் மயிலம்மா முன்னின்று போராடினார் என்று எல்லாம் சரியாக வரும். திரையை அணைத்து, "கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு முதல்ல யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? தண்ணி எடுக்கறவங்களுக்கா, அதிகாரிகளுக்கா?" என்று கேட்டால் மௌனம். இது மனப்பாடக் கேள்வி இல்லை, கொஞ்சம் யோசித்தாலே சொல்லிவிடலாம். தெரியாது என்று சொல்லிவிட்டு ஊகித்துப் பார்க்கிற பிள்ளைக்கு 3 வரை போடுவேன். சம்பந்தமில்லாமல் முந்தைய ஸ்லைடையே திரும்ப ஒப்பித்தால் 1.

பேச்சுக்கு 5 போடும்போது நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஃபேன் சத்தத்தைத் தாண்டிக் குரல் வருகிறதா என்பதை அங்கிருந்துதான் சொல்ல முடியும். குரல் எட்டினால், வகுப்பைப் பார்த்துப் பேசினால், ஓரிடத்தில் தடுமாறினாலும் தானாகவே மீண்டு வந்தால் 4. கேட்கிறவர்களுக்குப் புரியவில்லை என்று கண்டுகொண்டு வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிற பிள்ளை அபூர்வம், அதற்கு 5. முதுகைக் காட்டிக்கொண்டு திரையை வாசித்தால் 2-க்கு மேல் இல்லை. கை நடுங்குவது, வியர்ப்பது, தண்ணீர் குடிப்பது எதற்கும் குறைப்பதில்லை. திக்குவாய் உள்ள பிள்ளைக்கு நேர வரம்பை எடுத்துவிடுவேன். எல்லார் முன்னாலும் வேண்டாம் என்றால் நாலைந்து நண்பர்களை வைத்துக்கொண்டு என்னிடம் பேசட்டும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லையோரத்தில் இருக்கும் எல்லா ஆசிரியருக்கும் இது வரும். வீட்டில் தமிழ், பஸ் ஸ்டாண்டில் மலையாளம், பாடப்புத்தகத்தில் வேறொரு தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள் இவர்கள். பேச்சின் நடுவே 'ஆனால்' என்பதற்கு மலையாளத்து 'பக்ஷே' வந்து விழும், வாக்கியம் மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடியும். பொள்ளாச்சியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இதற்கெல்லாம் அரை அரை மார்க்காகக் குறைக்க வேண்டும் என்பார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேட்கிற வகுப்புக்குப் புரிந்ததா என்பதுதான் கணக்கு, அந்த வகுப்பும் அதே கலவையில்தான் பேசுகிறது. யாரோ எழுதிக் கொடுத்த செந்தமிழை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, அதில் ஒரு வரிக்கு விளக்கம் கேட்டால் விழிப்பதற்குத்தான் குறைப்பேன். தமிழ்ப் பாடத்தின் செமினார் என்றால் கதை வேறு, அங்கே மொழியே பாடம்.

நம் கண்ணையும் ரொம்ப நம்பக் கூடாது. 1920-லேயே எட்வர்ட் தார்ண்டைக் ராணுவ அதிகாரிகள் வீரர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளைப் பார்த்துவிட்டு, ஒரு குணம் பிடித்துப்போனால் சம்பந்தமில்லாத குணங்களுக்கும் உயர்வாகவே போடுகிறார்கள் என்று எழுதினார். நீட்டாக யூனிஃபார்ம் போட்டு வருகிற பிள்ளைக்கு நாமும் அதைத்தான் செய்கிறோம். அதனால் பேச்சுக்கும் பதிலுக்கும் அங்கேயே போட்டுவிடுவேன், விஷயத்துக்கும் ஸ்லைடுக்கும் பிறகு ஸ்டாஃப் ரூமில். முதலில் பேசும் இரண்டு பேருக்கு பென்சிலில்தான். நாலைந்து பேர் முடிந்த பிறகே வகுப்பின் தரம் தெரியும், அப்புறம் மையில் எழுதுவேன்.

பிள்ளைகளையே மார்க் போடச் சொல்லாதீர்கள். நண்பனுக்குப் பத்துக்குப் பத்து, சண்டைக்காரனுக்கு இரண்டு. அதற்குப் பதில் ஆளுக்கொரு துண்டுத் தாளில் 'கேட்டதில் மனசில் நின்றது ஒன்று, கேட்க நினைக்கும் கேள்வி ஒன்று' எழுதச் சொல்லுங்கள். தாள்களைப் புரட்டினால், பேசியவன் சொல்ல நினைத்தது போய்ச் சேர்ந்ததா என்று உடனே தெரியும். விஷயத்துக்கான 6 மார்க்கில் பாதியை இதைப் பார்த்துத்தான் போடுகிறேன்.

குழு செமினார் என்றால் யார் எந்தப் பகுதியைப் பேசுவது என்று அன்றைக்குக் காலையில் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மௌஸ் பிடிப்பதற்கென்று ஒருவன் வருவது நின்றுவிடும்.

பெற்றோர் விஷயம். மார்க் தாளை நான்கு கட்டமாகவே பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள், துண்டுத் தாள்களை ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அப்பா வந்தார். மகளுக்கு 12, மூன்று ஸ்லைடு பையனுக்கு 16, இது என்ன நியாயம் டீச்சர், கடையில் 400 ரூபாய் கொடுத்துச் செய்தது என்றார். ஸ்லைடுக்கு 3-க்கு 3 போட்டிருப்பதைக் காட்டினேன். பிறகு கவரைப் பிரித்து அவரிடமே கொடுத்தேன். 'படம் நல்லா இருந்துச்சு' என்று பாதிப் பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள், தலைப்பு என்னவென்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எல்லாத் தாளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, அடுத்த தடவைக்கு என்ன செய்யணும் என்றார். அந்த 400 ரூபாயை மிச்சம் பிடியுங்கள், ராத்திரி சாப்பிடும்போது அவளைப் பேசவிட்டு நீங்கள் குறுக்குக் கேள்வி கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.