கல்லீரல் மாற்றுக்குப் பிறகு குழந்தை: எடை பற்றிய கேள்விகளுக்குப் பதில்

கல்லீரல் மாற்று ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. உயரம் 158 செ.மீ., எடை 72 கிலோ. ஆபரேஷனுக்கு முன்பு 60 கிலோதான். குழந்தைக்கு முயற்சி செய்யும் முன் மறுபடி 60-க்கு வரணுமா?

அந்தப் பழைய 60-ஐ மறந்துவிடுங்கள். ஈரல் பழுதானவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றிலும் காலிலும் நீர் கோத்திருக்கும், தொடையிலும் கையிலும் சதை கரைந்திருக்கும். எடை மெஷின் நீரையும் சேர்த்துத்தான் காட்டியிருக்கும். புது ஈரல் வேலை செய்யத் தொடங்கியதும் பசி திரும்புகிறது, ஸ்டீராய்டு அதை இன்னும் கிளப்புகிறது. எடை ஏறியதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் கொஞ்சம் குறைப்பது நல்லது. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) சுமார் 28.8. இந்தியர்களுக்கு 23-லிருந்தே அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று கணக்கு. ஈரல் மாற்றியவர்களுக்குக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, குறைப்பிரசவம் வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். உடல் புது ஈரலை நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரை அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும், அதிக எடையும் அதையேதான் செய்யும். மாத்திரையை விட முடியாது, எடையைக் குறைக்க முடியும். நான்கைந்து கிலோ இறங்கினாலே இரண்டிலும் வித்தியாசம் தெரியும். இரவுச் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்கி, பருப்பும் காயும் கூட்டுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள். வயது 35-ஐத் தாண்டியிருந்தால் எடைக்காக ரொம்ப நாள் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் இப்போதே பேசுங்கள்.

எடை குறைய மூலிகைப் பொடி எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். குடம்புளிச் சத்து மாத்திரை, கிரீன் டீ சத்து மாத்திரை, சீந்தில் பொடி எல்லாவற்றாலும் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. மீன் குழம்பில் போடும் குடம்புளி வேறு விஷயம், அதற்குப் பயப்பட வேண்டாம். எடை குறைப்புக்கு செமாக்ளூடைடு ஊசி போடுகிறவர்கள், கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும்.

எனக்கு நேர்மாறு. 155 செ.மீ., 41 கிலோ. இது பிரச்சினையா?

ஆமாம், பி.எம்.ஐ. 17 வருகிறது. 18.5-க்குக் கீழே இருந்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு அதிகம். முட்டை, மீன், சுண்டல் என்று புரதம் கூட்டுங்கள். எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும். எடை ஏறவே மறுத்தால் ஏன் என்று டாக்டர் பார்க்கட்டும்.

எடை குறைக்கும்போதே கர்ப்பமானால்?

இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதங்களிலேயே மாதவிலக்கு திரும்பிவிடும், கருவும் தரிக்கலாம். குறைந்தது ஒரு வருடம் பொறுக்கச் சொல்வார்கள். நிராகரிப்பைத் தடுக்கச் சிலருக்குத் தரும் மைக்கோஃபீனோலேட் மாத்திரை கருவைப் பாதிக்கும். கருத்தரிப்புக்கு ஆறு வாரம் முன்பாவது டாக்டர் அதை நிறுத்தி, பெரும்பாலும் அசதியோபிரின் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றுவார். அதுவரை கருத்தடை அவசியம். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், உடல் ஈரலை நிராகரித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

கர்ப்பமான பிறகு டயட் இருக்கலாமா?

கூடாது. அப்போது எடை ஏறத்தான் வேண்டும். பி.எம்.ஐ. 25-க்கும் 30-க்கும் இடையில் இருப்பவர்களுக்கு மொத்தம் 7 முதல் 11.5 கிலோ வரை ஏறலாம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல்.