தண்ணீர்ப் பயன்பாடு கூடாமலே சென்னைக் குடிநீர் வாரிய பில் ஏறுவது ஏன்?

நீங்கள் பிடிக்கும் தண்ணீருக்கும் அந்த உயர்வுக்கும் தொடர்பில்லை. பில்லில் கட்டணம், வரி என இரண்டு தனித்தனித் தொகைகள் இருக்கும். மீட்டர் இல்லாத வீடுகளுக்குக் கட்டணம் மாதத்துக்கு இவ்வளவு என்றுதான், பயன்பாட்டைப் பொறுத்து மாறாது. குடிநீர், கழிவுநீர் வரி அப்படியல்ல. மாநகராட்சி உங்கள் கட்டடத்துக்குக் கணித்த ஆண்டு மதிப்பில் (ஓராண்டுக்கு வரக்கூடிய வாடகை என மதிப்பிட்ட தொகையில்) 7 சதவீதம். எனவே ஆண்டு மதிப்பு ஏறியிருக்கலாம். மாடி கட்டியதும், ஒரு பகுதியைக் கடைக்கு விட்டதும் வழக்கமான காரணங்கள்.

சரிபார்க்க:

1. சொத்து வரி ஆவணத்தில் ஆண்டு மதிப்பைப் பாருங்கள். 20,000 ரூபாய் என்றால் வரி ஆண்டுக்கு 1,400, அரையாண்டுக்கு 700.
2. பில்லின் வரித்தொகையோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் பழைய நிலுவை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கு பொருந்தி, சொத்து வரி ஆவணத்தில் பரப்பளவோ பயன்பாட்டு வகையோ (வீடு, கடை) தவறாக இருந்தால் முதலில் மாநகராட்சி வருவாய்த் துறையில் மனு கொடுங்கள். பலர் குடிநீர் வாரியத்துக்கே அலைந்து மாதங்களை இழக்கிறார்கள். ஆண்டு மதிப்பை மாற்றும் அதிகாரம் அங்கே இல்லை. மனு நிலுவையில் இருந்தாலும் பில்லைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நிலுவை சேரும்.