இது திராட்சைக் கொடிதானா?

கேள்வி: கம்பத்துல எங்க தோட்டம், பந்தல் பூரா பன்னீர் திராட்சைதான். வேலியில தானா ஒரு கொடி ஏறி கருப்பா கொத்துக்கொத்தா பழம் விட்டிருக்கு. காட்டுத் திராட்சைன்னு நெனச்சு பையன் ரெண்டு வாயில போட்டுட்டான், தொண்டை பூரா அரிப்பு. ஒரு காம்புல மூணு இலை இருக்கு. இது என்ன கொடிங்க ஐயா?
- ஒரு வாசகி

பதில்: பையனுக்கு இப்ப எப்படி இருக்கும்மா? அரிப்பு அடங்கலைன்னாலோ உதடு வீங்கினாலோ உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அந்தப் பழத்தை இனி யாரும் தொட வேண்டாம்.

மூணு இலைன்னு சொன்னதுமே எனக்குப் பிடிபட்டுருச்சு, அது திராட்சை இல்ல, திராட்சைக்குப் பங்காளி. பிரண்டையும் இதே குடும்பம்தான், பிரண்டை நறுக்கும்போது கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கறோமே, அந்த அரிப்புதான் இங்க பழத்துல இருக்கு. இந்தக் கூட்டத்துல பெரும்பாலும் இலைக்கு நேர் எதிர்ல சுருள் கம்பி வரும், பழமும் உருண்டையா கொத்தா வரும், அதனால பழத்தைப் பாத்து முடிவு பண்ணவே கூடாது.

பந்தல்ல இருக்கற உங்க பன்னீர் திராட்சையையே பக்கத்துல வச்சுப் பாருங்க. இலை ஒத்தை இலைதான், உள்ளங்கை மாதிரி பிளந்திருக்கும், தனித்தனி இலையா பிரியாது. முத்தின தண்டுல பட்டை நார் நாரா நீளவாக்குல உரிஞ்சு தொங்கும், குறுக்க வெட்டினா நடுத்தக்கை பழுப்பா இருக்கும். சுருள் கம்பிய கணு கணுவா எண்ணிட்டே போங்க, ரெண்டு கணுவுல இருக்கும் மூணாவதுல இருக்காது, திரும்ப ரெண்டுல இருக்கும். அமெரிக்காவுலேர்ந்து வந்த லேப்ரஸ்கா இனத்துல மட்டும் விடாம எல்லாக் கணுவுலயும் வரும், அதோட கலப்புதான் பெங்களூர் ப்ளூ, அமுக்கினா தோல் தனியா கழண்டு சதை வழுக்கிட்டு வெளிய வரும்ல, அந்தக் குணம் அங்கேர்ந்து வந்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச அடையாளம் பூ. திராட்சைப் பூ இதழை விரிக்காது, அஞ்சு இதழும் நுனியில ஒட்டிக்கிட்டு குல்லா மாதிரி அப்படியே கழண்டு விழும். வேலிக்கொடியில நாலு இதழ் தனித்தனியா விரியும். அடுத்த தடவை பூக்கும்போது பையனையே கூட்டிட்டுப் போய் காட்டுங்க.

கேள்வி: ஒட்டுக்கட்டின திராட்சைக் கன்னு வாங்கி வச்சேன். அடியிலேர்ந்து வர்ற கொடியில இலை பிளவே இல்லாம வட்டமா இருக்கு, காயும் இல்ல. ஏமாத்திட்டாங்களா?
- ஒரு வாசகர்

பதில்: ஏமாத்தல. அது ஒட்டுக்குக் கீழ இருக்கற வேர்ச்செடியோட துளிர். நம்ம நாட்டுல உப்புத்தண்ணி, வறட்சி தாங்கறதுக்காக டாக் ரிட்ஜ்னு டெக்சாஸ் காட்டுத் திராட்சை ஒண்ணத்தான் நிறைய பேர் வேருக்கு வைக்கறாங்க, அதோட இலை அப்படித்தான் இருக்கும். காட்டுத் திராட்சையில ஆண் கொடி வேற, பெண் கொடி வேற. நாம வளக்கறதுல ஒரே பூவுல ரெண்டும் இருக்கும். அந்தத் துளிர விட்டா மேல இருக்கற நல்ல கொடி சோர்ந்துடும், மண்ணை விலக்கி அது கிளம்பற இடத்துலயே ஒட்ட வெட்டிடுங்க.