வாசகர் கேள்வி பதில்: எல்லாமே ‘இணை’தானா?

கே: ஜாயின், கனெக்ட், அட்டாச், லிங்க் என எந்த ஆங்கிலச் சொல்லை எடுத்தாலும் அகராதியில் ‘இணை’ என்றே இருக்கிறது. எதை எங்கே எழுதுவது?
– போட்டித் தேர்வு எழுதும் வாசகி, நாமக்கல்

ப: இரண்டுக்கும் நடுவில் இடைவெளி மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளிம்போடு விளிம்பு சேர்ந்துவிட்டால் ஜாயின். தச்சர் இரண்டு பலகைகளைச் சேர்ப்பதும், கூடுதுறையில் பவானி காவிரியோடு கலப்பதும் ஜாயின்தான். இரண்டும் தள்ளியே இருக்க, நடுவே கம்பியோ குழாயோ சாலையோ வந்து சேர்த்தால் கனெக்ட். பாம்பன் பாலத்துக்குப் பொருத்தமான சொல் அது. ராமேசுவரத்தைப் பாலம் ‘ஜாயின்’ செய்கிறது என்று எழுதினாலும் பிழையாகாது, நல்ல ஆங்கிலத்திலும் அப்படி வரும். ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் இரண்டு சொல்லும் இருந்தால் கனெக்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அட்டாச் செய்யும்போது இரண்டு பொருளும் சமமில்லை. ஒன்று முதன்மை, மற்றது துணை. டிரெய்லரை டிராக்டரோடு அட்டாச் செய்கிறோம், மாற்றிச் சொல்வதில்லை. பெரும்பாலும் கழற்றவும் முடியும். லிங்க்குக்குத் தொடும் பொருளே தேவையில்லை, தொடர்பு இருந்தால் போதும். பான் எண்ணும் ஆதாரும் அப்படித்தான் சேர்கின்றன.

மதிப்பெண் அதிகம் போவது இன்னோர் இடத்தில். ‘ஐ ஜாயின்ட் இன் தி பேங்க்’ என்று எழுதுகிறார்கள். நிறுவனத்தில் சேரும்போது ஜாயினுக்குப் பின் ‘இன்’ வராது. ‘ஐ ஜாயின்ட் தி பேங்க்’ என்பதே சரி. ‘வங்கியில் சேர்ந்தேன்’ என்று தமிழில் நினைப்பதால் அந்த ‘இல்’ அங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிறர் பாடும்போது கூடச் சேர்ந்து பாடினால்தான் ‘ஜாயின் இன்’.

கே: விண்ணப்பக் கடிதத்தில் ‘என்க்ளோஸ்டு’ எழுதுவதா, ‘அட்டாச்டு’ எழுதுவதா?
– வாசகர், சேலம்

ப: தபால் உறைக்குள் சான்றிதழ் நகல்களை வைத்தால் என்க்ளோஸ்டு. கடிதத்தின் அடியில் எத்தனை இணைப்பு என்ற எண்ணிக்கையையும் குறிப்பிடுங்கள். உறையைப் பிரிப்பவர் ஒன்று குறைந்தாலும் உடனே கண்டுபிடிப்பார். மின்னஞ்சலில் கோப்பாக அனுப்பினால் அட்டாச்டு.

கே: எக்ஸெலில் பெயர் ஒரு கட்டத்திலும் ஊர் பக்கத்துக் கட்டத்திலும் இருந்தன. மெர்ஜ் கொடுத்ததும் ஊர் காணாமல் போய்விட்டது. ஏன்?
– அலுவலக உதவியாளர், திருப்பூர்

ப: நீங்கள் நினைத்தது கம்பைன், கொடுத்த கட்டளை மெர்ஜ். கம்பைன் செய்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும், இன்னது இன்னது என்று அடையாளமும் தெரியலாம். மெர்ஜ் செய்தால் இரண்டு ஒன்றாகிவிடும். எக்ஸெல் கட்டங்களைத்தான் ஒன்றாக்குகிறது. மேல் இடது மூலையில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை காட்டும், அதைப் படிக்காமல் ஓகே அழுத்துவதால் வரும் இழப்பு இது. கோப்பை இன்னும் மூடவில்லை என்றால் கன்ட்ரோல், இசட் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள், திரும்ப வரும். எழுத்துகளைச் சேர்க்க, மூன்றாவது கட்டத்தில் ‘ஆம்பர்சாண்ட்’ (&) குறியால் இரண்டையும் கோத்து ஃபார்முலா எழுத வேண்டும்.

வங்கிச் செய்திகளிலும் இதே பொருள்தான். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடன் மெர்ஜ் ஆனது; முதல் பெயர் அதோடு மறைந்தது. எது மறைந்தது என்று காட்ட ‘மெர்ஜ்டு இன்டு’ என்று எழுதுவது தெளிவு.

கே: சோல்டரிங், பிரேஸிங், வெல்டிங் மூன்றும் ‘பற்றவைத்தல்’ என்றே படிக்கிறோம். ஏசி குழாய் வேலையைக் கேஸ் வெல்டிங் என்று எழுதியதற்கு மதிப்பெண் இல்லை.
– பாலிடெக்னிக் மாணவர், மதுரை

ப: மதிப்பெண் போனது நியாயம்தான். எது உருகுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. நீங்கள் படிக்கும் கேஸ் வெல்டிங், ஆர்க் வெல்டிங் இரண்டிலும் சேர்க்கப்படும் உலோகத்தின் விளிம்பே உருகிக் கலக்கும். மற்ற இரண்டில் அது உருகாது; இடையில் கொடுக்கும் நிரப்பு உலோகம் மட்டும் உருகி இடுக்குக்குள் ஓடும். அந்த நிரப்பு உலோகம் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருகினால் சோல்டரிங், மேலே என்றால் பிரேஸிங். மின்னணுப் பலகையில் பயன்படும் 63% வெள்ளீயம், 37% ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும். ஏசியின் தாமிரக் குழாய்க்குத் தரும் தாமிர–பாஸ்பரஸ் கம்பி உருகத் தொடங்கவே 600 டிகிரிக்கு மேல் வேண்டும். தாமிரம் உருகுவது 1085 டிகிரியில். குழாய் அந்த வெப்பத்தைத் தொடுவதே இல்லை, தொட்டால் ஓட்டை விழும். ஆகவே அது பிரேஸிங்.

இணைப்பு கசிவதற்குப் பெரும்பாலும் இடைவெளி அல்லது அழுக்குதான் காரணம். ஒரு குழாய் மற்றதற்குள் சுமார் 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் அமர்ந்தால் உருகிய உலோகம் தானே உள்ளே ஏறும். தளர்வாக இருந்தால் வெளியில் திரண்டு நிற்கும், பார்க்கத்தான் கனமாகத் தெரியும்.

நகைத் தொழிலில் மட்டும் ஒரு விலக்கு. பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுவது வெப்பக் கணக்கில் பிரேஸிங். ஆங்கில நகைத்தொழில் நூல்கள் அதையும் சோல்டரிங் என்றே எழுதுகின்றன.

கே: ரசீதில் ‘அஃபிக்ஸ் ரெவின்யூ ஸ்டாம்ப்’ என்று இருந்தால் ஒட்டினால் மட்டும் போதுமா?
– வாசகர், கும்பகோணம்

ப: அஃபிக்ஸ் என்பது நிலையாகப் பதிய வைப்பது. படம், முத்திரை, கையெழுத்து மூன்றுக்கும் இந்தச் சொல் வரும். ரூ.5,000க்கு மேற்பட்ட ரசீதுக்கு ரூ.1 வருவாய் வில்லை (ரெவின்யூ ஸ்டாம்ப்) வேண்டும். ஒட்டியபின் கையெழுத்தின் ஒரு பகுதி வில்லை மேலும், மீதி தாள் மேலும் விழும்படி போடுங்கள். வில்லையை மறுபடி பயன்படுத்த முடியாதபடி இப்படிச் செல்லாக்காவிட்டால், சட்டப்படி அது வில்லை ஒட்டாத ரசீதாகவே கருதப்படும்.