பழைய பிக்கப் நடுங்குகிறதா? எப்போது என்று முதலில் பாருங்கள்

வண்டிக் கோளாறைச் சொல்லி என்னிடம் கேள்வி எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். நடுக்கம் எப்போது வருகிறது? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? நின்றிருக்கும்போதா, மேடு ஏறும்போதா? பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

சிக்னலில் நின்றால் வண்டியே ஆடுகிறது, மிதித்தால் சரியாகிவிடுகிறது. பிளக் எல்லாம் மாற்றியும் பலன் இல்லை. பெட்ரோல் இன்ஜின்.

எங்கேயோ காற்று புகுகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, அது இழுக்கும் காற்று கொஞ்சம்தான். அப்போது ஒரு சின்ன வெடிப்பு வழியாக வரும் காற்றே பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கெடுத்துவிடும். மிதித்தால் காற்று ஏராளமாக உள்ளே போவதால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது. பழைய வண்டியில் வேக்குவம் ஹோஸ்கள் (இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள்) காய்ந்து விறைத்துப்போய், மாட்டியிருக்கும் முனைகளில் வெடித்திருக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸையும் விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) இணைப்பு நெடுகச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எந்த இடத்தில் ஓட்டம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பவர்கள் உண்டு. சூடான சைலன்சர் பைப் பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கலாம், வேண்டாம். கசிவே இல்லையென்றால் இஜிஆர் வால்வ் (புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வ்) கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா பாருங்கள்.

ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது சரியாக எரியவில்லை. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐடிலிங்கில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் மின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் ஓட்டம் இன்னும் மோசமாகும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஓடும் இன்ஜினில் பிளக் வயரை மட்டும் வெறுங்கையால் இழுக்காதீர்கள், பலமாக ஷாக் அடிக்கும்.

அப்புறம் உடனே கடைக்கு ஓட வேண்டாம். அந்தச் சிலிண்டரின் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் பிளக்தான் காரணம். காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), இன்ஜெக்டர் இவற்றையும் இப்படியே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். எதை மாற்றியும் கோளாறு அங்கேயே நின்றால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்தான் வழி. அளவு குறைவாக இருந்தால் பிளக் துளையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு). பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள் குறைந்திருந்தால் இடையில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். தெரியாமலே பாகம் பாகமாக வாங்கிப் பணத்தை இழப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மழை பெய்தால் மட்டும் திணறுகிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் மூடி), பிளக் வயர் இவற்றில் ஈரத்தால் மின்சாரம் கசியும். இரவில் விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், நீலப் பொறி கண்ணிலேயே படும்.

பழைய டீசல். காலையில் வெள்ளைப் புகையோடு ஆடுகிறது, ஐந்து நிமிடத்தில் சரியாகிறது.

குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்தான். வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். நல்ல பிளக் ஓரிரு ஓமுக்குள் காட்டும், எரிந்துபோனது தொடர்பே காட்டாது. சூடான பிறகும் புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும். இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய முறை மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும்தான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் டீசல் தேங்கியிருக்கும் காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், தொடவே தொடாதீர்கள்.

செக் இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிகிறது. வீடுவரை ஓட்டலாமா?

கூடாது. அப்படி மின்னினால் பலமான மிஸ்ஸிங் என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து, அதை உருக்கிவிடும். ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். வண்டியின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டர், பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்களில் மாறிமாறி மிஸ்ஸிங்.